துண்டுக்குள் ஒரு கை

அத்தியாயம் 5

வரி ஏறினால் வியாபாரிகள் எல்லாம் அழுவார்கள் என்று நினைப்பவர்களுக்குப் பினாங்குக் கடைத்தெருவைத் தெரியாது. சிங்கப்பூர் சட்டசபையில் புகையிலை வரியை ஏற்றும் மசோதா வந்துவிட்டது என்ற செய்தி பரவிய மறுநாள் காலை, தெருவில் பாதிப் பேர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புது வரி, இனிமேல் கப்பலிலிருந்து இறங்கும் சரக்குக்குத்தான். கிட்டங்கியில் ஏற்கெனவே அடுக்கிக் கிடக்கும் சிப்பங்களுக்கு இல்லை. பழைய வரி கட்டி வாங்கியதைப் புது விலைக்குத் தள்ளிவிடலாம். மேலுக்கு மட்டும் "அரசாங்கம் நம்ம வயித்துல அடிச்சிருச்சே" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டால் போதும்.

உண்மையாகவே முகம் தொங்கிப் போயிருந்தவர் புகையிலை வியாபாரி காஜா மொய்தீன் ஒருவர்தான். அவருடைய கிட்டங்கி துடைத்து வைத்த மாதிரி காலியாகக் கிடந்தது.

"இங்க எலிகூட இல்ல அண்ணே. அதுவும் சரக்கோட சேர்ந்து போயிருச்சு போல," என்றாள் ஆலிஸ், வாசலில் நின்று எட்டிப் பார்த்து.

ஆலிஸ், துப்பறியும் சீனி முகம்மதுவின் ஆபீசில் டைப் அடிக்கச் சேர்ந்தவள். டைப் அடிக்கும் அளவுக்கு வழக்குகள் வராததால் நாளடைவில் உதவியாளர் ஆகிவிட்டாள். சீனி முகம்மது பருத்த மனிதர். மெதுவாக நடப்பார், அதைவிட மெதுவாகப் பேசுவார். தோளில் ஒரு கட்டம் போட்ட துண்டு கிடக்கும். வாலிபத்தில் இதே தெருவில் புகையிலைத் தரகராக இருந்தவர், பொய் சொல்லி விற்பதைவிடப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம் என்று தொழிலை மாற்றிக்கொண்டவர்.

வழக்கமாக ஆலிஸின் கிண்டலுக்கு அடியில் ஒன்றும் இருக்காது. இன்று பயம் இருந்தது. அவளுடைய அக்கா ரீத்தாவின் புருஷன் இராயப்பன் தந்தி ஆபீசில் கிளார்க். மசோதா சபைக்கு வருவதற்கு முந்தின நாள், சிங்கப்பூரிலிருந்து வரி ஆபீஸ் துரைக்கு ஒரு ரகசியத் தந்தி வந்தது: புகையிலைக் கப்பல்களை நிறுத்தி வை, நாளை வரி ஏறுகிறது. அதை வாங்கி எழுதியவர் இராயப்பன். அன்று சாயங்காலம் அவர் காஜா மொய்தீன் கடையில் உட்கார்ந்து டீ குடித்தார். அன்று ராத்திரியே காஜா மொய்தீனின் சரக்கு முழுவதும் கிட்டங்கியிலிருந்து மாயமானது.

இரண்டையும் இரண்டையும் கூட்டிப் பார்த்த வரி ஆபீஸ் துரை, இராயப்பன் ரகசியத்தைச் சொல்லிக் காஜா மொய்தீன் சரக்கைப் பதுக்கிவிட்டார் என்று முடிவு கட்டி, இராயப்பனை வேலையிலிருந்து நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டார். இன்று சாயங்காலம் அவர் தந்தி ஆபீஸ் சூப்பிரண்டுக்கு எழுதிக் கொடுத்தால், இராயப்பனுக்கு வேலையும் போகும், குடியிருக்கும் சர்க்கார் வீடும் போகும். காலையில் ரீத்தா அழுத அழுகையில் ஆலிஸின் பவுடர் எல்லாம் கரைந்து போயிருந்தது.

"சரக்கு எங்க பாய்?" என்று கேட்டார் சீனி முகம்மது.

"வித்துட்டேன்," என்றார் காஜா மொய்தீன்.

"யாருக்கு?"

"வித்துட்டேன் தம்பி."

"எப்போ?"

"வித்துட்டேன்னு சொல்றேன்ல!"

"பாய், கிளிகூட ரெண்டு மூணு வார்த்தை கத்துக்கும் லா," என்றாள் ஆலிஸ்.

காஜா மொய்தீன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "தங்கச்சி, உங்க அத்தான் தங்கமான மனுஷன். அன்னைக்கு அவர் வாய்க்குள்ள டீதான் போச்சு, வாயிலிருந்து எதுவும் வெளிய வரல. ஆனா யாருக்கு வித்தேன், எப்படி வித்தேன்னு கேக்காதீங்க. அது துண்டுக்குள்ள முடிஞ்ச பேரம். நான் வெளிய சொன்னா, நாளைக்கு இந்தத் தெருவுல எவன் எனக்குக் கை குடுப்பான்?"

அது வெறும் சாக்கு அல்ல. கடைத்தெருவில் பெரிய பேரம் எதுவும் வாயால் நடப்பதில்லை. வாங்குகிறவரும் விற்கிறவரும் கையைச் சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிறவர்களுக்குத் துண்டு அசைவது மட்டும்தான் தெரியும். உள்ளே நடந்ததை வெளியே சொன்னவனோடு அதற்குப் பிறகு யாரும் வியாபாரம் செய்யமாட்டார்கள். மகளைப் பெண் கேட்டுக்கூட வரமாட்டார்கள்.

ஆலிஸுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷனின் பிழைப்பு ஒரு முழத் துணிக்குள் மாட்டிக்கொண்டு கிடக்கிறதே என்று ஆத்திரமாகவும் இருந்தது.

சீனி முகம்மது அவசரப்படவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து உதறினார். காஜா மொய்தீனின் வலது கையைப் பிடித்தார். இரண்டு கைகளின் மேலும் துண்டைப் போட்டார்.

"வெளிய சொல்ல வேணாம் பாய். உள்ளயே சொல்லுங்க."

காஜா மொய்தீன் ஒரு நிமிஷம் திகைத்தார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு அசைய ஆரம்பித்தது. இரண்டு பூனைக்குட்டிகளைப் போர்வைக்குள் விட்ட மாதிரி அது இங்கே எழும்பியது, அங்கே அமுங்கியது. சீனி முகம்மது கேள்வியை வாயால் கேட்டார். பதில் விரலால் வந்தது. காஜா மொய்தீனின் முகத்தில் முதலில் வெட்கம், அப்புறம் ஒரு திருட்டுச் சிரிப்பு, கடைசியில் பெரிய துக்கம். துண்டு நின்றது.

"பேரம் முடிஞ்சுது," என்றார் சீனி முகம்மது.

மூலைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்ததும் ஆலிஸ் மேஜையைத் தட்டினாள். "சொல்லுங்க அண்ணே."

"அவர் சொன்னதைச் சொல்லமாட்டேன். நான் புரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். அது என் சொந்தச் சரக்கு." சீனி முகம்மது கோப்பியை ஆற்றினார். "இருட்டற நேரத்துல ஒரு ஆள் வந்திருக்கான். பல்வலிக்காரன் மாதிரி மஃப்ளரால முகத்தை மூடிக்கிட்டு. ஒரு வார்த்தை பேசல. மொத்தச் சரக்கையும் கையால காட்டியிருக்கான், துண்டைப் போட்டிருக்கான். நாலு விரலைப் பிடிச்சு, அப்புறம் மணிக்கட்டைப் பிடிச்சிருக்கான்."

"அப்படின்னா?"

"விரலுக்குப் பத்து வெள்ளி. நாலு விரல் நாப்பது. மணிக்கட்டைப் பிடிச்சா இன்னொரு முழுப் பத்து. சிப்பம் அம்பது வெள்ளி. அன்னைய விலைக்கு அது ரொம்ப அதிகம். காஜா மொய்தீன் விழுந்தடிச்சு ஒத்துக்கிட்டாரு. ஆனா காசு எடுத்து வைக்கும்போது அந்த ஆள் சிப்பத்துக்கு நாப்பத்தஞ்சுதான் எடுத்து வச்சான். இவரு மீதிக்குக் கையை நீட்டினாரு. அவன் துள்ளிக் குதிச்சிருக்கான். தலையைத் தலையை ஆட்டியிருக்கான். கடைசியில மறுபேச்சுப் பேசாம மீதியையும் குடுத்துட்டுப் போயிட்டான்."

ஆலிஸ் கண்ணை இடுக்கினாள். "அவன் மணிக்கட்டுன்னா அஞ்சுன்னு நெனச்சிருக்கான்!"

"பாக்கு வியாபாரத்துல அதுதான் கணக்கு. அங்க மணிக்கட்டு பாதிப் பத்து. இங்க முழுப் பத்து. பாக்குக்காரங்க வீட்டுல பேரம் பழகின கை அது."

"அதான் பாய் சொல்ல வெக்கப்பட்டாரா? ஒருத்தனை ஏமாத்திட்டோம்னு ராத்திரி சந்தோஷமாத் தூங்கி, காலையில வரி ஏறினதும் தான்தான் ஏமாந்தோம்னு எந்திரிச்சிருக்காரு!" ஆலிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த வேகத்திலேயே நிறுத்தினாள். "ஆனா அண்ணே, சிப்பத்துக்கு அஞ்சு வெள்ளி சும்மா போகுது. எங்க பாசார்ல ஒரு காசு கூடக் கேட்டாலே மீன்காரிகிட்ட நான் அரை மணி நேரம் சண்டை போடுவேன். அவன் ஏன் வாயைத் திறக்கல?"

"நீயே சொல்லு."

"முகம் தெரியக் கூடாது, மூடிக்கிட்டான். குரலும் தெரியக் கூடாது." அவள் நிமிர்ந்தாள். "தெரு முழுக்கத் தெரிஞ்ச குரல்!"

சீனி முகம்மது தலையை ஆட்டினார்.

"அப்போ முகம்மது கனி முதலாளிதான்," என்று ஆலிஸ் முடிவே கட்டிவிட்டாள். முகம்மது கனி வியாபாரிகள் சங்கத்தின் தலைவர். கடைத்தெருவில் நின்று அவர் ஆளைக் கூப்பிட்டால் கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் படகுக்காரன் திரும்பிப் பார்ப்பான். தந்தி ஆபீஸில்தான் ரகசியம் கசிந்தது என்று முதலில் கத்தியவரும் அவர்தான். "அத்தான் மேல பழியைப் போட்டுட்டு இவரு சரக்கை அமுக்கிட்டாரு."

"கனி பரம்பரைப் புகையிலைக்காரர். மணிக்கட்டுக் கணக்கு தெரியாதா?"

"வேணும்னே தப்பாப் பிடிச்சிருப்பாரு."

"கூடக் காசு குடுக்கறதுக்கா? கனியா?"

முகம்மது கனி பிச்சைக்காரனுக்குக் காசு போட்டாலும் மிச்சம் கேட்பவர். ஆனாலும் வேறு ஆள் யாரும் அவளுக்குத் தோன்றவில்லை.

சீனி முகம்மது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே புது வரி பற்றிய சர்க்கார் அறிவிப்பு, தமிழில், சுற்றிலும் அழகாகப் பூக்கோடு போட்டு அச்சடித்து ஒட்டியிருந்தது.

"இது எப்போ ஒட்டினது தம்பி?" என்று கடைக்காரரைக் கேட்டார்.

"நேத்து விடியக்காலையிலயே அண்ணே. கடை திறக்கும்போதே இருந்துச்சு."

"நல்ல தமிழ்," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார் சீனி முகம்மது.

அன்று பிற்பகல் குயின் தெருவில் சங்கத்தின் மாடி ஹாலில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வரி ஆபீஸ் துரையே நேரில் வந்து புதுச் சட்டத்தை விளக்கினார். அவர் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்வார். பக்கத்தில் நின்ற சர்க்கார் மொழிபெயர்ப்பாளர் சிக்கந்தர், வெள்ளைக் கோட்டும் சொங்கோக் தொப்பியும் அணிந்து, அதைக் கணீரென்று தமிழில் சொல்வார். முகம்மது கனி எழுந்து கத்துவார். சிக்கந்தர் அந்தக் கத்தலை மரியாதையான ஆங்கிலமாக்கித் துரைக்குக் கொடுப்பார். "இவன் வீட்டுல அடுப்பெரியாது" என்று கனி சாபம் விட்டது, "தலைவர் தமது வருத்தத்தைத் தெரிவிக்கிறார்" என்று துரையின் காதில் போய் விழுந்தது.

இடையில் துரை டீ குடிக்கக் கீழே இறங்கினார். டீ முடிந்ததும் கூட்டத்தை முடித்துவிட்டு நேரே தந்தி ஆபீஸுக்குப் போவதாக அவர் யாரிடமோ சொன்னது ஆலிஸின் காதில் விழுந்தது. ஹாலின் கடைசி பெஞ்சில் ரீத்தா, ஜெபமாலையை உருட்டியபடி உட்கார்ந்திருந்தாள். ஆலிஸ் அவளைப் பார்க்காமல், பேசி வைத்திருந்தபடி சீனி முகம்மதுவிடம் போனாள். பக்கத்தில் நான்கு வியாபாரிகள் நின்றிருந்தது அவளுக்கு வசதியாக இருந்தது.

"அண்ணே, பேப்பர்ல பாத்தீங்களா?" என்று குரலைத் தாழ்த்துகிறவள் போலச் சத்தமாகச் சொன்னாள். "மசோதா இன்னும் சட்டமாகலையாம் லா. இன்னைக்குத்தான் மூணாவது வாசிப்பாம், கடைசி ஓட்டெடுப்பு. சபையில வியாபாரி மெம்பருங்க எல்லாரும் எதிர்க்கிறாங்களாம். வரி திரும்பிப் போனாலும் போகுமாம்."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பேப்பரில் அப்படித்தான் போட்டிருந்தது. ஆனால் செய்தி ஹாலைச் சுற்றி அவளிடமே திரும்பி வந்தபோது, வரி ரத்தாகிவிட்டது, அரசாங்கம் மன்னிப்புக் கேட்டுவிட்டது, கட்டிய பழைய வரியையும் திருப்பித் தரப் போகிறார்கள் என்று வளர்ந்திருந்தது. உள்ளுக்குள் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது உள்ளுக்குள் அழ ஆரம்பித்தார்கள். வரி போனால் சரக்கின் விலையும் விழும்.

சீனி முகம்மது மாடிப்படித் திருப்பத்தில் போய் நின்றார். துண்டை எடுத்து முன்கையில் போட்டுக்கொண்டார். "நான் இப்பவே வாங்கறேன்," என்றார். "போன வார விலைக்கு. சரக்கு வச்சிருக்கிறவங்க கையைக் குடுக்கலாம்."

முதலில் ஓடி வந்தவரே முகம்மது கனிதான். துண்டுக்குள் கை போனது, அசைந்தது, வெளியே வந்தது. சீனி முகம்மது ஆலிஸைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். இல்லை. அடுத்தடுத்து வந்த கைகளுக்கும் இல்லை, இல்லை என்றே தலையசைத்தார். கீழே துரை கோப்பையை வைக்கும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று ஆலிஸ் நினைத்தாள். அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

கடைசியாக ஒருவர், அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு படியோரமாக வந்தார்.

"நமக்கு வியாபாரம் எல்லாம் தெரியாதுங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர் சிக்கந்தர், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தபடி. "பட்டர்வொர்த்துல நம்ம சொந்தக்காரர் ஒருத்தர் கொஞ்சம் சரக்கு வச்சிருக்காரு. அவருக்காகத்தான் கேக்கறேன்."

"அதுக்கென்ன அண்ணே, குடுங்க கையை."

துண்டு அசைந்தது. சீனி முகம்மதுவின் முகத்தில் மெதுவாக ஒரு புன்னகை பரவியது. சிக்கந்தர் கையை இழுத்தார். கை வரவில்லை.

"மணிக்கட்டை ஏன் அண்ணே பிடிக்கறீங்க? போன வார விலைக்கு நாலு விரலே போதுமே," என்றார் சீனி முகம்மது. "எவ்வளவு கேக்கறீங்க? நாப்பத்தஞ்சா, அம்பதா?"

"ஏய்!" என்று முகம்மது கனி மேலேயிருந்து கத்தினார். "துண்டுக்குள்ள நடக்கறதை வெளிய சொல்லக் கூடாது!"

"நான் எங்க முதலாளி சொன்னேன்? கேள்விதான் கேக்கறேன். கையை மட்டும் விடல."

ஆலிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. தெரு முழுக்கத் தெரிந்த குரல்! ஒவ்வொரு சட்டத்தையும் வியாபாரிகளுக்கு வாசித்துக் காட்டும் குரல். சுவரில் பூக்கோடு போட்ட அறிவிப்பு, மசோதா சபைக்கு வந்த அன்று விடியற்காலையிலேயே ஒட்டியாகிவிட்டது. அப்படியானால் அதற்கு ஓரிரு நாள் முன்பே அது அச்சுக்குப் போயிருக்க வேண்டும். அதற்கும் முன்பே யாரோ உட்கார்ந்து தமிழாக்கியிருக்க வேண்டும். அத்தான் கைக்குத் தந்தி வருவதற்கு முன்பே, பினாங்கில் ஒரு ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

அதை அவள் மூச்சுவிடாமல் உரக்கச் சொன்னாள். காஜா மொய்தீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். சிக்கந்தரின் கையைத் துண்டோடு சேர்த்துத் தொட்டுப் பார்த்தார். பிறகு, அதே கைதான் என்று தலையசைத்தார்.

"பாக்கு வியாபாரம் எங்க மாமனாருடையது," என்றார் சிக்கந்தர், படியில் உட்கார்ந்து. "அங்க மணிக்கட்டுன்னா அஞ்சுதான். எனக்கு எப்படித் தெரியும்?" பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். "எத்தனையோ வருஷமா உங்க எல்லாருடைய வரியையும் நான்தான் முதல்ல படிக்கிறேன். யாருக்கும் மூச்சுவிட்டதில்ல. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எனக்கும் பிரயோசனப்படட்டுமேன்னு நெனச்சேன். கடன் வாங்கிப் போட்டேன். சரக்கு பட்டர்வொர்த்துல இருக்கு. காஜா மொய்தீன் கடைக் குறி அப்படியே சிப்பத்து மேல இருக்கு."

சத்தம் கேட்டுத் துரை மேலே ஏறி வந்தார். ஒருவர் படியில் உட்கார்ந்து அழுவதையும், இன்னொருவர் துண்டுக்குள் அவர் கையைப் பிடித்திருப்பதையும் பார்த்துக் குழம்பினார். இந்த ஆள் என்ன சொல்கிறான் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

துரைக்குத் தமிழ் தெரியாது. வியாபாரிகளில் பலருக்கு ஆங்கிலம் அரைகுறை. ஆலிஸ் வாயைத் திறப்பதற்குள் சிக்கந்தர் எழுந்துவிட்டார். சொங்கோக்கைச் சரிசெய்தார். கோட்டை இழுத்துவிட்டார். பிறகு கணீரென்ற குரலில், தான் சொன்னதை எல்லாம் தானே சுத்தமான ஆங்கிலத்தில் துரைக்குச் சொன்னார். கடன், பட்டர்வொர்த், மாமனாரின் பாக்குக் கணக்கு, எதையும் விடவில்லை. "தந்தி ஆபீஸ் இராயப்பனுக்கு இதில் சம்பந்தம் இல்லை, அந்த மனிதரை நான் பார்த்ததுகூட இல்லை" என்பதையும் சேர்த்துச் சொன்னார். ஆலிஸ் இத்தனை காலம் கேட்டதிலேயே, பூசி மெழுகாமல் அவர் செய்த மொழிபெயர்ப்பு அது ஒன்றுதான். அவர்மேல் கோபப்படவேண்டிய அவளுக்கு ஏனோ பாவமாக இருந்தது.

துரை, இராயப்பன்மேல் எழுதித் தன் கோட்டுப் பையில் வைத்திருந்த காகிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். ஆலிஸிடம் வந்து, உன் அத்தானை உடனே வேலைக்குத் திரும்பச் சொல் என்றார்.

வெயில் தாழ்ந்த நேரத்தில், வரி போய்விட்டதா இல்லையா என்று கேட்டுக்கொண்டு பாதித் தெரு இன்னும் ஹாலிலேயே காத்திருந்தது. படியில் காலடிச் சத்தம் கேட்டது. இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு தந்தியுமாக இராயப்பன் வந்து நின்றார்.

"சிங்கப்பூர்லேர்ந்து செய்தி. மூணாவது வாசிப்பு முடிஞ்சுது. மசோதா நிறைவேறிருச்சு. ஏத்தின வரி ஏத்தினதுதான்."

ஹாலில் "ஐயோ" என்று ஒரு சத்தம் எழுந்தது. கப்பலில் சரக்கு வரவேண்டியவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டார்கள். விலை விழுமென்று பயந்து போன வார விலைக்குக் கை கொடுத்தவர்கள் சீனி முகம்மதுவை முறைத்தார்கள். அவர் மெதுவாகத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லாப் பேரமும் ரத்து என்று கையெடுத்துக் கும்பிட்டார். இத்தனை ஓலத்துக்கும் நடுவில் கடைசி பெஞ்சிலிருந்து யாரோ பலமாகக் கைதட்டுகிற சத்தம் கேட்டது. ரீத்தா. கண்ணீர் வழிய வழியக் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

முகம்மது கனி கொதித்துப் போனார். "ஏம்மா, எங்க தலையில இடி விழுந்திருக்கு, உனக்குச் சந்தோஷமா இருக்கா?"

"செய்தி எதுவா இருந்தா என்ன முதலாளி?" என்றாள் ரீத்தா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "கொண்டு வந்தது எங்க வீட்டுக்காரருல்ல!"

முகம்மது கனி வாயைத் திறந்தார். பிறகு, அவருடைய வாழ்நாளில் முதல் தடவையாக, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டார்.